மறைந்த ஆடுகளங்களும் குடியிருப்பு நிலமும்: அமெரிக்கப் பேஸ்பால் அரங்குகள் நின்ற இடங்களின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் எழுந்த பேஸ்பால் அரங்குகளுள் பெரும்பாலானவை இன்று இல்லை. அவற்றைப் பற்றிய எழுத்துகள் அணிகளையும் ஆட்டங்களையும் விரிவாக நினைவுகூர்கின்றன. அரங்குகள் நின்ற நிலத்தின் வரலாற்றை அவ்வளவாகப் பேசுவதில்லை. நியூயார்க் நகரின் எப்பெட்ஸ் ஃபீல்டு, போலோ கிரவுண்ட்ஸ், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ரிக்லி ஃபீல்டு ஆகிய மறைந்த அரங்குகளையும் அவற்றோடு பிணைந்த சாவேஸ் ரவீன் பகுதியையும் எடுத்துக்கொண்டு, ஆடுகளமும் குடியிருப்பும் ஒரே நிலத்துக்குப் போட்டியிட்ட முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. அப்போட்டியில் 'பொது நோக்கம்' என்னும் சட்டத்தொடர் இரு நகரங்களில் இரு வேறு பொருள் பெற்றது என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: பேஸ்பால் அரங்கு, நகர வரலாறு, நில எடுப்பு, பொது வீட்டுவசதி, எப்பெட்ஸ் ஃபீல்டு, சாவேஸ் ரவீன், நினைவுச்சின்னம்.

முன்னுரை

1960ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் எப்பெட்ஸ் ஃபீல்டு அரங்கின் இடிப்புப் பணி ஒரு சிறு விழாவுடன் தொடங்கியது. இடிப்புக்குப் பயன்பட்ட இரும்புக்குண்டுக்கு வெள்ளை வண்ணம் பூசி, சிவப்புத் தையல் வரைந்து, பேஸ்பால் பந்துபோல ஆக்கியிருந்தனர். விபத்தில் உடல் செயலிழந்திருந்த முன்னாள் வீரர் ராய் கேம்பனெல்லா சக்கர நாற்காலியில் வந்திருந்தார். ஆடுகளத்தின் மண் ஒரு கலத்தில் அவருக்கு வழங்கப்பட்டது. அதே குண்டு 1964 ஏப்ரலில் மன்ஹாட்டனின் வடபுறத்திலிருந்த போலோ கிரவுண்ட்ஸ் அரங்கையும் இடித்தது.

இந்நிகழ்ச்சி அமெரிக்க விளையாட்டு வரலாற்று நூல்களில் பலமுறை எடுத்துரைக்கப்பட்டுள்ளது. ஓர் அணி தன் ஊரைக் கைவிட்டது, ஊர் தன் அரங்கை இழந்தது என்னும் துயரக் கதையின் இறுதிக் காட்சியாகவே அது அமைகிறது. எனினும் அக்காட்சிக்குப் பின் இரு இடங்களிலும் எழுந்தவை வீடுகள். இரண்டையும் சேர்த்து ஏறத்தாழ 2,900 குடும்பங்களுக்கு அங்கே இருப்பிடம் கிடைத்தது. மேலும், புரூக்ளினை விட்டுச் சென்ற டாட்ஜர்ஸ் அணி லாஸ் ஏஞ்சல்ஸில் தனக்கென அரங்கு எழுப்பிய மேட்டுநிலமோ, பொதுக் குடியிருப்பு கட்டுவதற்கென்று சொல்லி மக்களிடமிருந்து எடுக்கப்பட்ட நிலமாகும். ஒரு நகரில் ஆடுகளம் வீடாயிற்று. மற்றொரு நகரில் வீடாக வேண்டிய நிலம் ஆடுகளமாயிற்று. இவ்விரு நிகழ்வுகளையும் ஒரே வரலாறாகப் படிக்கும்போது, அரங்குகளின் மறைவு பற்றிய வழக்கமான கதை மாறுபட்ட தோற்றம் கொள்கிறது.

நிலம் வரைந்த எல்லை

பேஸ்பால் ஆட்டத்தின் அமைப்பே அரங்கை நிலத்தோடு நெருங்கப் பிணைக்கிறது. பந்தடிப்பவர் நிற்கும் 'ஹோம் பிளேட்' எனப்படும் மூலத்தளத்திலிருந்து விசிறிபோல் விரியும் களம் அது. நான்கு தளங்களுக்கிடையிலான தொலைவு 90 அடி என்று விதி வரையறுத்துள்ளது. ஆனால் களத்தின் வெளியெல்லை எங்கே முடிய வேண்டும் என்பதற்குப் பழைய காலத்தில் ஒரே அளவு இல்லை. வாங்க முடிந்த நிலம் எதுவரையோ, குறுக்கிட்ட தெரு எங்கேயோ, அதுவரை களம். எப்பெட்ஸ் ஃபீல்டின் வலப்பக்க எல்லை மூலத்தளத்திலிருந்து 297 அடியிலேயே முடிந்ததற்கு அப்பால் பெட்ஃபோர்டு அவென்யூ இருந்ததே காரணம். நீண்ட குளம்பு வடிவிலான போலோ கிரவுண்ட்ஸில் வலப்பக்கம் 258 அடி. நடுப்பக்கமோ 483 அடி.

வாஷிங்டன் நகரின் கிரிஃபித் அரங்கு இதற்கு இன்னும் தெளிவான சான்று. அதன் நடுப்பக்க மதில் நேராகச் செல்லாமல் உள்நோக்கி மடிந்து, மதிலுக்கப்பால் நின்ற ஐந்து வீடுகளையும் ஒரு பெருமரத்தையும் சுற்றிச் சென்றது. அவ்வீடுகளின் உரிமையாளர்கள் நிலத்தை விற்க இசையவில்லை. அரை நூற்றாண்டுக் காலம் அந்த மதில் மடிப்பு ஆட்டத்தின் போக்கையே பாதித்தது. 1965இல் அவ்வரங்கு இடிக்கப்பட்டது; 1975இல் அவ்விடத்தில் ஹோவர்டு பல்கலைக்கழக மருத்துவமனை திறக்கப்பட்டது. குடியிருப்பவர் மறுத்தால் களம் மடிந்துகொடுத்த காலம் ஒன்று இருந்தது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளலாம். நில எடுப்பதிகாரம் நகர நிர்வாகங்களின் அன்றாடக் கருவியாக ஆன பின்னர் அந்நிலை இல்லை.

பிக்டவுனும் எப்பெட்ஸ் ஃபீல்டும்

டாட்ஜர்ஸ் அணியின் உரிமையாளர் சார்லஸ் எப்பெட்ஸ் 1908 முதல் 1911 வரை புரூக்ளினில் சிறு சிறு மனைகளாக நிலம் வாங்கினார். வாங்குபவர் யார் எனத் தெரிந்தால் விலை ஏறும் என்பதால் ஒரு நிறுவனத்தின் பெயரால் கொள்முதல் நடைபெற்றது. அப்பகுதிக்கு மக்கள் வழங்கிய பெயர் பிக்டவுன். குப்பை கொட்டப்பட்ட பள்ளம், அதில் மேய்ந்த பன்றிகள், சுற்றிலும் ஏழைகளின் குடிசைகள் என்பதே அதன் அன்றைய நிலை. எப்பெட்ஸ் சேர்த்த நிலம் மொத்தம் ஆறு ஏக்கருக்கும் குறைவு. கட்டுமானச் செலவுக்குப் பணம் போதாமல் அணியின் சரிபாதி உரிமையை மக்கீவர் சகோதரர்கள் என்னும் ஒப்பந்தக்காரர்களுக்கு விற்க நேர்ந்தது. அரங்கின் ஒரு பக்கத் தெரு இன்றும் அவர்கள் பெயரால் வழங்குகிறது. 1912 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டு 1913 ஏப்ரலில் அரங்கு திறக்கப்பட்டது.

அரங்கின் நுழைவாயிலில் இத்தாலியப் பளிங்கு பதித்த வட்டக்கூடம் ஒன்று அமைந்திருந்தது. தரையில் பந்தின் தையல் வடிவம். மேலே பந்தடி மட்டைகளைக் கைகளாகக் கொண்ட சரவிளக்கு. குப்பைப் பள்ளத்தின்மேல் எழுந்த இந்த ஆடம்பரத்தைப் பின்வந்தோர் பெருமிதத்துடன் எழுதினர். பள்ளத்தைச் சுற்றி வாழ்ந்த குடிசைவாசிகள் எங்கே சென்றனர் என்று அவ்வெழுத்துகள் கேட்டதில்லை. மறைந்த அரங்குகளின் வரலாற்றில் முதல் மௌனம் இதுவே எனலாம்.

1947 ஏப்ரல் 15ஆம் நாள் ஜாக்கி ராபின்சன் இக்களத்தில் இறங்கினார். பெருந்தொடர் பேஸ்பாலில் பல பத்தாண்டுகளாக நிலவிய நிறத்தடை அன்று உடைந்தது. எப்பெட்ஸ் ஃபீல்டின் பெயர் அமெரிக்கச் சமூக வரலாற்றில் நிலைபெறுவதற்கு அணியின் வெற்றிகளைவிட இந்நாளே காரணம். 1955இல் டாட்ஜர்ஸ் முதன்முறையாக உலகத் தொடரை வென்றனர். அடுத்த ஆண்டே, 1956 அக்டோபரில், அணியின் அன்றைய தலைவர் வால்டர் ஓமாலி அரங்கின் நிலத்தை மார்வின் கிராட்டர் என்னும் கட்டுமானத் தொழிலதிபருக்கு விற்றுவிட்டு, அதிலேயே வாடகைக்கு ஆடத் தொடங்கினார். கடைசி ஆட்டம் 1957 செப்டம்பர் 24ஆம் நாள் நடைபெற்றது. அதைக் காண வந்தவர்கள் 6,702 பேர்.

இங்கே ஒரு செய்தி கவனத்துக்குரியது. நினைவுநூல்கள் அரங்கின் இறுதிநாளாக 1957 செப்டம்பரைக் கொள்கின்றன. நிலப்பதிவின்படி நோக்கினால் 1956 அக்டோபரிலேயே அதன் முடிவு உறுதியாகிவிட்டது. பிட்ஸ்பர்க் நகரின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டிலும் இதே முறை காணப்படுகிறது: பல்கலைக்கழகம் 1958இல் நிலத்தை வாங்கிக்கொண்டது, அணி 1970 ஜூன் வரை வாடகையில் ஆடியது. ஆகவே இத்தகைய இடங்களின் வரலாற்றை எழுதுவோர் ஆட்ட அட்டவணையைவிட விற்பனைப் பத்திரத்தை முதற்சான்றாகக் கொள்வது பொருத்தமாகும்.

ஒரே சட்டத்தின் இரு பிரிவுகள்

ஓமாலிக்குப் புரூக்ளினை விட்டுப் போகும் எண்ணம் தொடக்கத்திலிருந்தே இருந்ததா என்பது நீண்ட நாள் வழக்கு. புரூக்ளின் மக்களின் வாய்மொழி மரபு அவரை மன்னிக்கவேயில்லை. 1987இல் வெளிவந்த 'தி டாட்ஜர்ஸ் மூவ் வெஸ்ட்' என்னும் நூலில் நீல் சல்லிவன் நியூயார்க் நகர நிர்வாகத்தின் பொறுப்பை எடுத்துக்காட்டி அவ்வழக்கை மறுபரிசீலனைக்கு உட்படுத்தினார். அவ்விவாதத்தின் மையத்தில் இருப்பது ஒரு நிலத்துண்டு.

அட்லாண்டிக் அவென்யூவும் ஃப்ளாட்புஷ் அவென்யூவும் சந்திக்குமிடத்தில், இருப்புப்பாதை முனையத்துக்கு அருகே, தம் சொந்தச் செலவில் புதிய அரங்கு கட்ட ஓமாலி விரும்பினார். ஆனால் அங்கே பல உரிமையாளர்களிடம் சிதறிக் கிடந்த நிலத்தைத் தனியொருவர் ஒன்று சேர்ப்பது இயலாது. 1949ஆம் ஆண்டின் கூட்டரசு வீட்டுவசதிச் சட்டத்தின் முதல் பிரிவு, சீர்கேடுற்ற நகர்ப்பகுதிகளை நகரங்கள் எடுத்து, செப்பனிட்டு, தனியாருக்குக் குறைந்த விலையில் விற்க வழிசெய்திருந்தது. அப்பிரிவின்கீழ் நிலத்தை எடுத்துத் தருமாறு நகரைக் கேட்டார் ஓமாலி. நியூயார்க்கில் அவ்வதிகாரத்தைக் கையில் வைத்திருந்தவர் ராபர்ட் மோசஸ். தனியார் அணி ஒன்றின் வணிகத்துக்கு அரங்கு அமைப்பது அச்சட்டம் கருதிய பொது நோக்கம் ஆகாது என்பது அவருடைய நிலைப்பாடு. அதற்கு மாற்றாகக் குயின்ஸ் பகுதியிலுள்ள ஃப்ளஷிங் மெடோஸில் நகருக்குரிய நிலத்தில் அரங்கு அமைக்கலாம் என்றார். புரூக்ளினுக்கு வெளியே போவதானால் குயின்ஸுக்கும் கலிபோர்னியாவுக்கும் வேறுபாடு இல்லை என்று ஓமாலி கருதினார்.

மோசஸின் மறுப்பைச் சட்டப்பற்றாக மட்டும் கொள்வது கடினம். அதே பிரிவைத் தமக்கு உகந்த திட்டங்களுக்காக அவர் தாராளமாகப் பயன்படுத்தினார்; பல்லாயிரம் ஏழைக் குடும்பங்கள் அதனால் இடம்பெயர்ந்தன. இருப்பினும் ஆடுகளம் பொது நோக்கமா என்னும் வினாவுக்கு நியூயார்க்கில் கிடைத்த விடை 'அன்று' என்பதே. அதே 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு நாடு முழுவதும் 8,10,000 பொதுக் குடியிருப்புகளுக்கு இசைவளித்தது. லாஸ் ஏஞ்சல்ஸின் கதை அப்பிரிவிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முன் நியூயார்க்கின் இரு இடங்களுக்கும் நேர்ந்ததை முடித்துக்கொள்வது நல்லது.

வீடுகளான களங்கள்

எப்பெட்ஸ் ஃபீல்டு நின்ற இடத்தில் மாநில அரசின் நிதியுதவித் திட்டத்தின்கீழ் நடுத்தர வருவாயினருக்கான 1,300க்கும் மேற்பட்ட வாடகை வீடுகள் கட்டப்பட்டு 1962இல் திறக்கப்பட்டன. 25 மாடி வரை உயர்ந்த செங்கற் கட்டடங்கள் அவை. 1972இல் ஜாக்கி ராபின்சன் மறைந்தபோது குடியிருப்புக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் எப்பெட்ஸ் ஃபீல்டு அபார்ட்மென்ட்ஸ் என்ற பெயரே இன்று நிலைத்துள்ளது. அரங்கு இருந்ததைக் கூறும் கல் ஒன்று சுவரில் பதிக்கப்பட்டுள்ளது. அவ்வளாகத்தில் பந்து விளையாடக் கூடாது என்னும் அறிவிப்புப் பலகை ஒன்று இருந்தது. அதைக் கண்டு வியந்து எழுதாத பயணக் கட்டுரையாளர் அரியர். அது எளிதாகக் கிடைக்கும் முரண். சன்னல்களுக்கும் நடந்து செல்வோர்க்கும் இடையில் வாழும் ஒரு குடியிருப்பில் அப்பலகை வேண்டியதே என்பதை அங்கு வாடகை கொடுத்து வாழ்பவர் நோக்கில் எவரும் எழுதியதாகத் தெரியவில்லை. அக்குடியிருப்பில் ஆப்பிரிக்க அமெரிக்க, கரீபிய வம்சாவளிக் குடும்பங்கள் பெருமளவில் வாழ்ந்து வருகின்றன. அரங்கைத் தேடி வருவோரின் எழுத்தில் அவர்கள் பின்னணியாகவே நிற்கின்றனர்.

போலோ கிரவுண்ட்ஸின் கதை சற்று வேறானது. 155ஆம் தெருவுக்கு அருகில், கூகன் குன்று எனப்படும் மேட்டுக்கும் ஹார்லெம் ஆற்றுக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்தில் அது இருந்தது. பெயரில் போலோ இருந்தாலும் அவ்விடத்தில் அவ்வாட்டம் ஆடப்படவில்லை. தெற்கே இருந்த பழைய களத்தின் பெயர் அணியோடு இடம்பெயர்ந்து வந்தது. மன்ஹாட்டன் பகுதியின் தலைவராக இருந்த ஜேம்ஸ் கூகனின் குடும்பம் நிலத்துக்கு உரிமை கொண்டிருந்தது. ஜயன்ட்ஸ் அணி வாடகைதாரராகவே அங்கிருந்தது. 1911இல் மரத்தாலான இருக்கை வரிசைகள் தீயில் அழிந்தபின் எஃகாலும் கான்கிரீட்டாலும் அரங்கு மீண்டும் எழுப்பப்பட்டது. 1957இல் ஜயன்ட்ஸும் கலிபோர்னியாவுக்குச் சென்றனர். 1961இல் நகரம் பொதுக் குடியிருப்புக்காக அந்நிலத்தை எடுத்தது. புதிதாகத் தோன்றிய மெட்ஸ் அணிக்கு வேறு இடம் ஆயத்தமாகாததால் அதன் பின்னும் 1962, 1963 ஆகிய இரு பருவங்கள் அங்கே ஆட்டம் நடந்தது. 1968இல் போலோ கிரவுண்ட்ஸ் டவர்ஸ் என்னும் பெயரில் நான்கு முப்பது மாடிக் கட்டடங்களில் 1,600க்கும் மேற்பட்ட வீடுகள் நிறைவுபெற்றன. அவற்றின் நிர்வாகம் நகர வீட்டுவசதி ஆணையத்துக்குரியது.

அரங்கின் எச்சமாக அங்கே நிற்பது ஒரு படிக்கட்டு. குன்றின் மேலிருந்து அரங்கின் நுழைவுச்சீட்டு வாயிலை நோக்கி இறங்குவதற்காக, 1912இல் மறைந்த அணி உரிமையாளர் ஜான் பிரஷ் நினைவாக 1913இல் அது கட்டப்பட்டது. நெடுநாள் சிதைந்து கிடந்த அப்படிக்கட்டு 2014இல் சீரமைக்கப்பட்டது. இன்று அதில் ஏறி இறங்குவோருள் பெரும்பாலோர் அன்றாட வேலைக்குச் செல்லும் அப்பகுதி மக்களே.

சாவேஸ் ரவீன்

லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மையத்துக்கு வடக்கே, குன்றுகளுக்கிடையில் பாலோ வெர்தே, லா லோமா, பிஷப் என்னும் மூன்று சிற்றூர்கள் இருந்தன. மூன்றும் சேர்ந்த பகுதிக்குச் சாவேஸ் ரவீன் என்பது பொதுப்பெயர். அங்கு வாழ்ந்தோருள் பெரும்பாலோர் மெக்சிக வம்சாவளியினர். நகரின் பிற பகுதிகளில் வீடு வாங்க இனப்பாகுபாடு தடையாக இருந்த காலத்தில் அவர்கள் இங்கே சொந்த வீடு கட்டிக்கொண்டனர். ஒரு தொடக்கப்பள்ளி, ஒரு தேவாலயம், சிறு கடைகள், வீட்டுத் தோட்டங்கள், ஆடுகள் என அவர்களது வாழ்வு அமைந்தது. டான் நார்மார்க் என்னும் இளம் ஒளிப்படக் கலைஞர் 1940களின் இறுதியில் எடுத்த படங்கள் அவ்வாழ்வின் அரிய ஆவணங்களாகும்; அவை நூலாக வெளிவந்தது 1999இல்தான்.

1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 10,000 பொதுக் குடியிருப்புகளைக் கட்ட லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் ஒப்புக்கொண்டது. அவற்றுள் மூன்றில் ஒரு பங்குக்குச் சாவேஸ் ரவீன் தெரிவு செய்யப்பட்டது. எலிசியன் பார்க் ஹைட்ஸ் எனப் பெயரிடப்பட்ட இத்திட்டத்தைக் கட்டடக் கலைஞர்கள் ரிச்சர்டு நியூட்ராவும் ராபர்ட் அலெக்சாண்டரும் வரைந்தனர்: 24 பதின்மூன்று மாடிக் கோபுரங்கள், 163 இரண்டடுக்குக் கட்டடங்கள். 1950 ஜூலையில் அங்கிருந்த குடும்பங்களுக்குக் கடிதங்கள் வந்தன. நிலம் எடுக்கப்படும், உரிய விலை தரப்படும், புதிய வீடுகளில் அவர்களுக்கு முன்னுரிமை உண்டு என்று அவை கூறின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுள் பெரும்பாலானவை அடுத்த இரு ஆண்டுகளில் வெளியேறின.

திட்டத்தின் வீழ்ச்சி அரசியலால் நேர்ந்தது. பொதுக் குடியிருப்பு என்பது பொதுவுடைமையின் வாசல் என்று நில வணிகர்களும் நகரின் முதன்மை நாளேடும் பரப்புரை செய்தனர். நகர மன்றம் 1951 இறுதியில் தன் ஒப்பந்தத்திலிருந்து பின்வாங்கியது. 1952இல் நடைபெற்ற வாக்கெடுப்பில் மக்களும் திட்டத்தை எதிர்த்தனர். அதே ஆண்டில், நில எடுப்பு வழக்கு ஒன்றின் விசாரணையின்போது வீட்டுவசதி ஆணையத்தின் அதிகாரி ஃபிராங்க் வில்கின்சனிடம் அவர் எந்தெந்த அமைப்புகளைச் சார்ந்தவர் என்ற கேள்வி எழுப்பப்பட்டது. அவர் விடையளிக்க மறுத்துப் பணியை இழந்தார். 1953இல் பொதுக் குடியிருப்பை எதிர்த்துப் போட்டியிட்ட நாரிஸ் பவுல்சன் மேயரானார். எலிசியன் பார்க் ஹைட்ஸ் கைவிடப்பட்டது. நிலத்தைப் பொது நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையுடன் நகரம் அதைக் கூட்டரசுத் தரப்பிடமிருந்து குறைந்த விலைக்குப் பெற்றுக்கொண்டது. வெளியேறியவர்களுக்குச் சொல்லப்பட்ட முன்னுரிமை, கட்டப்படாத வீடுகளுக்கான முன்னுரிமையாக நின்றது.

ஓமாலி இந்நிலத்தைக் கண்டபோது அது ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. டாட்ஜர்ஸ் அணியே இம்மக்களை வெளியேற்றியது என்று இன்று பரவலாகச் சொல்லப்படுவதில் காலமுரண் உண்டு. பெரும்பாலோரை வெளியேற்றியது வீடு கட்டித் தருவதாகச் சொன்ன அரசே. எனினும் அணிக்குத் தொடர்பே இல்லை என்று தள்ளுவதும் பொருந்தாது. எஞ்சியிருந்த சில குடும்பங்களை அகற்றும் அவசரம் அரங்குக்காகவே எழுந்தது.

நகரத்துக்கும் அணிக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் ஒரு மறைந்த அரங்கு மாற்றுப்பொருளாக அமைந்தது. நகரின் தென்பகுதியில் 1925 முதல் இயங்கிய ரிக்லி ஃபீல்டு என்னும் சிறிய அரங்கை ஓமாலி 1957 தொடக்கத்தில் விலைக்கு வாங்கியிருந்தார். அதை நகருக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாகச் சாவேஸ் ரவீனில் ஏறத்தாழ 300 ஏக்கரைப் பெறுவது உடன்பாடு. இந்நிலமாற்று சமமானதா என்பதை 1958 ஜூன் 3ஆம் நாள் மக்கள் வாக்கெடுப்பு முடிவு செய்தது. ஆதரவாக 3,45,435 வாக்குகள், எதிராக 3,21,142. தனியார் அணிக்கு நிலம் தருவது பொது நோக்க நிபந்தனைக்கு முரண் என்று தொடுக்கப்பட்ட வழக்கில், 1959 ஜனவரியில் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் ஒப்பந்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நியூயார்க்கில் மோசஸ் எதைக் காரணமாகச் சொல்லி மறுத்தாரோ, அதே தொடர் இங்கே தடையாகவில்லை.

1959 மே 8ஆம் நாள் அரெச்சிகா குடும்பத்தினரைக் காவலர்கள் அவர்களது வீட்டிலிருந்து அகற்றினர். ஒரு பெண்ணைக் கைகால்களைப் பற்றித் தூக்கிப் படிகளில் இறக்கிய காட்சி தொலைக்காட்சியில் வெளியாயிற்று. அடுத்து வீடு இடித்துத் தள்ளப்பட்டது. இடத்தின் மதிப்பாக நகரம் நிர்ணயித்த தொகையை அக்குடும்பம் பல ஆண்டுகளாக ஏற்கவில்லை. அக்குடும்பத்தாருக்கு நகரின் வேறு பகுதிகளில் வீடுகள் இருந்தன என்ற செய்தி சில நாள்களில் நாளேடுகளில் வெளிவந்ததும் பொதுமக்களின் பரிவு குறைந்தது. வேறு சொத்து வைத்திருப்பவருக்குத் தம் வீட்டின்மீது உரிமை குறைந்துவிடுமா என்னும் வினாவை அன்று எழுப்பியவர் சிலரே.

செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. குன்றுகள் வெட்டப்பட்டன, பள்ளங்கள் தூர்க்கப்பட்டன. ஏறத்தாழ 80 இலட்சம் கன கெஜம் மண் இடம்மாற்றப்பட்டது. பாலோ வெர்தே தொடக்கப்பள்ளி இடிக்கப்படாமல் மண்ணிட்டு மூடப்பட்டதாகக் குறிக்கப்படுகிறது; அதன்மேல் இன்று வாகன நிறுத்துமிடம். 1962 ஏப்ரல் 10ஆம் நாள் 56,000 இருக்கைகளுடன் டாட்ஜர் அரங்கு திறக்கப்பட்டது. எப்பெட்ஸ் ஃபீல்டு நின்ற இடத்தில் வாடகைதாரர்கள் குடியேறியதும் அதே ஆண்டில்தான்.

ரிக்லி ஃபீல்டின் பின்வரலாறு

நகரின் கைக்கு வந்த ரிக்லி ஃபீல்டு எளிதில் மறக்கப்படுகிறது. 1961இல் புதிய ஏஞ்சல்ஸ் அணி ஒரே ஒரு பருவம் அங்கு ஆடியது. 1963 மே 26ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் அங்கு நடந்த உரிமைப் பேரணியில் உரையாற்றினார். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். பேஸ்பாலைவிடப் பெரிதான ஒன்றுக்கு அவ்வரங்கு இடமளித்த நாள் அது. 1969இல் அரங்கு இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் இன்று ஒரு பொதுப் பூங்காவும், சமூகக் கூடமும், மனநல மருத்துவ மையமும் உள்ளன. பூங்காவுக்கு, அந்நகர மன்றத்தில் முதலில் இடம்பெற்ற ஆப்பிரிக்க அமெரிக்கருள் ஒருவரான கில்பர்ட் லின்சியின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. 300 ஏக்கருக்கு ஈடாகப் பெற்ற சிறு நிலம் இது. ஆயினும் இக்கட்டுரையில் பேசப்பட்ட இடங்களுள் 'பொது நோக்கம்' என்னும் தொடரைத் தயக்கமின்றிச் சொல்லத்தக்க இடம் இதுவே.

நினைவுக் குறிகள்

மறைந்த அரங்குகளை நினைவில் நிறுத்தும் முயற்சிகள் 1980களுக்குப் பின் பெருகின. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றின் தரையில், கண்ணாடிக்கடியில், ஃபோர்ப்ஸ் ஃபீல்டின் மூலத்தளம் பதிக்கப்பட்டுள்ளது. உண்மையில் அது இருந்த இடத்திலிருந்து சற்று விலகியே பதிக்கப்பட்டது என்பர். வெளியே எஞ்சிய மதிலருகே, 1960ஆம் ஆண்டின் இறுதியாட்டத்தில் பில் மசரோஸ்கி அடித்த ஹோம் ரன்னை நினைந்து ஒவ்வோர் அக்டோபர் 13ஆம் நாளும் அன்பர்கள் கூடி அன்றைய வானொலி வருணனையைக் கேட்கின்றனர். டெட்ராய்ட்டில் டைகர் அரங்கு 1999இல் மூடப்பட்டு, 2009இல் முழுதும் இடிக்கப்பட்ட பின், களத்தைத் தொண்டர்கள் தாமாகவே புல்வெட்டிப் பேணினர். 2018இல் அவ்விடம் இளையோர் விளையாட்டு மையமானது. களம் களமாகவே தொடர்ந்தது. செயற்கைப் புல் விரிக்கப்பட்டதைத் தொண்டர்களுள் பலர் ஏற்கவில்லை. சுற்றிலும் வீடுகளும் கடைகளும் எழுந்துள்ளன.

எப்பெட்ஸ் ஃபீல்டின் வட்டக்கூடம் 2009இல் மறுபிறவி எடுத்தது. மெட்ஸ் அணியின் புதிய அரங்கின் நுழைவாயில் அதன் சாயலில் அமைக்கப்பட்டு ஜாக்கி ராபின்சன் பெயர் பெற்றது. அவ்வரங்கு இருப்பது குயின்ஸில், ஃப்ளஷிங் மெடோஸை ஒட்டி. மோசஸ் காட்டிய, ஓமாலி மறுத்த பகுதி அது.

இக்குறிகள் அனைத்தும் ஆட்டத்தின் புள்ளிகளையே குறிக்கின்றன: மூலத்தளம் எங்கிருந்தது, பந்து எங்கே விழுந்தது, மதில் எவ்வளவு உயரம். பிக்டவுன் குடிசைகளுக்குக் குறியில்லை. கிரிஃபித் மதிலை மடியச்செய்த ஐந்து வீடுகளும் துணுக்குச் செய்தியாகவே எஞ்சின. இந்நிலை அண்மைக்காலத்தில் சிறிது மாறிவருகிறது. எரிக் நஸ்பாமின் 'ஸ்டீலிங் ஹோம்' என்னும் நூல் 2020இல் வெளிவந்து, டாட்ஜர் அரங்கின் வரலாற்றை அங்கு முன்பு வாழ்ந்த ஒரு குடும்பத்தின் வழியே எடுத்துரைத்தது. சாவேஸ் ரவீனிலிருந்து வெளியேற்றப்பட்டோரின் வழித்தோன்றல்கள் இழப்பீடு கோரி அமைப்புகளாகத் திரண்டனர். வெளியேற்றத்தையும் அதற்கான இழப்பீட்டையும் ஆராயப் பணிக்குழு அமைக்கும் மசோதா ஒன்று 2024இல் கலிபோர்னியச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. இத்தகைய பணி மாநில அளவிலன்றி உள்ளாட்சி அளவில் நடைபெற வேண்டும் எனக் கூறி, அவ்வாண்டு செப்டம்பரில் ஆளுநர் கேவின் நியூசம் அம்மசோதாவுக்கு ஒப்புதல் மறுத்தார்.